தேடல் பெட்டியில் ஒரு முறை தமிழில் தேடிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்சிப்புளியில் குடியிருந்துகொண்டு, ராமநாதபுரம் நகரிலிருந்து ராமேஸ்வரம் வரைக்குமுள்ள பள்ளிகள், தங்கும் விடுதிகள், மீன் கம்பெனிகள், சிறு அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிக்கும் வேலையைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஊர்க்காரர்கள் இதைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள். சம்பளச் சீட்டில் ஐ.டி. சப்போர்ட் என்று இருக்கும். எந்தப் பெயரைச் சொன்னாலும், என் வேலை நேரத்தில் கணிசமான பகுதி கணினியைக் கழற்றி மாட்டுவதில் போவதில்லை. ஏதாவதொரு இணையதளத்தில் இருந்தே தீர வேண்டிய ஒரு தகவலை, அந்தத் தளத்தின் தேடல் பெட்டி "முடிவுகள் எதுவும் இல்லை" என்று கைவிரித்த பிறகு, வேறு வழியில் தோண்டி எடுப்பதில்தான் போகிறது. தளம் நடத்துகிறவர்கள் இதை ஒரு குறையாகவே கருதுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்பது வாசகர்கள் அறிந்ததே. படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, கணினிப் பழுதைப் பற்றியவை அல்ல; நிவாரணம், படிவம், கடைசித் தேதி ஆகியவற்றைப் பற்றியவை. கணினி தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் குறையவில்லை. ஒரு முறை மண்டபம் என்ற ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் அழைத்தார். மீனவர்களுக்கான அறிவிப்புகளைத் தொகுத்துத் தரும் ஒரு தளத்தில் அவருடைய பேத்தி தேடியிருக்கிறாள். "தம்பி, பிள்ளை போட்டுப் பாத்துருச்சு. அப்படி ஒண்ணுமே இல்லேங்குது" என்றார். என்ன போட்டுப் பார்த்தது என்று கேட்டேன். 'தடைக்காலம்' என்று பதில் வந்தது. நானும் அதே சொல்லைத் தட்டினேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. பிறகு பட்டியல் பட்டியலாக உள்ளே நுழைந்து, நான்காவது பக்கத்தில் அந்த அறிவிப்பைக் கண்டேன். பதினோரு நாட்களாக அங்கேதான் இருந்திருக்கிறது. அதன் தலைப்பு 'மீன்பிடி தடைக்காலத்தில்' என்று தொடங்கியது. பிள்ளை எழுதியதோ தடைக்காலம். கடைசியில் ஒரு 'ம்' இல்லாத குற்றத்துக்காக அந்த அறிவிப்பு அவளுக்குக் காட்டப்படவில்லை.

பெரியவரிடம் இதை எப்படி விளக்குவது? அறிவிப்பு இருக்கிறது என்றும் கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் உண்டு என்றும் மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் நான் செய்தது, தேடல் பெட்டியை நம்பாமல் போனது ஒன்றுதான்.

இதன் உள்விவரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தளங்களின் தேடல் பெட்டி, நாம் எழுதும் எழுத்து வரிசை அப்படியே எங்காவது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு போதும். அங்கே சொல்லின் வால் சிறியது. அந்தச் சிறிய வாலையும் வெட்டிவிட்டு அடிச்சொல்லை வைத்துத் தேடும் விதிகளை மார்ட்டின் போர்ட்டர் என்பவர் 1980-லேயே வகுத்து வெளியிட்டுவிட்டார். தமிழில் வால் நீளம் என்பதோடு, வால் ஒட்டும்போது உடம்பும் மாறுகிறது. மண்டபம் என்பது மண்டபத்தில், மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து என்று ஆகும்போது 'ம்' போய் 'த்து' வந்துவிடுகிறது. வீடு வீட்டில் ஆகிறது. ஆறு ஆற்றில் ஆகிறது. ராமேஸ்வரம் தீவைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடல்பாசி என்று எழுதினால் ஒரு கூட்டம் கட்டுரைகள் வரும். கடற்பாசி என்று எழுதினால் வேறொரு கூட்டம் வரும். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தளத்தில் குடியிருக்கும். 'மீன்பிடித் தடைக்காலம்' என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்ற விவாதம் தங்கள் அலுவலகத்திலும் நடக்கக்கூடும். அங்கே அது இலக்கணப் பிரச்சினை. எங்களுக்கு அது, ஒருவருக்கு விண்ணப்பம் கிடைக்குமா கிடைக்காதா என்ற பிரச்சினை.

ஊர்ப் பெயர்களின் கதை இதைவிட மோசம். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் ஆகிய நான்கும் அச்சில் புழங்குகின்றன, நான்கும் சரியே. ஒன்றை எழுதினால் மற்ற மூன்றையும் சேர்த்துக் காட்டும் உள்ளூர்த் தளம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்காரர்களுக்கோ கூடுதல் தொல்லை. ஊர்ப் பெயரைத் தட்டினால் தமிழ்நாட்டிலுள்ள கல்யாண மண்டபங்களும் கோயில்களின் நூற்றுக்கால் மண்டபங்களும் வரிசையில் வந்து நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுகளும் உண்டு. ஒரு வரியைச் சொற்களாகப் பிரிக்கும் நிரல்கள் சில, எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கின்றன. புள்ளியும், காலும், கொம்பும் குறியீட்டு அட்டவணையில் தனி எழுத்தாக இல்லாமல் சார்ந்து வரும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அவற்றை இந்த நிரல்கள் காற்புள்ளியைப் போலவோ வெற்றிடத்தைப் போலவோ நடத்தி, அங்கே சொல்லை வெட்டிவிடுகின்றன. 'மண்டபம்' என்பது 'மண' என்றும் 'டபம' என்றும் இரண்டு துண்டாகும். 'பாம்பன்' என்பது 'ப', 'ம', 'பன' என மூன்று துண்டாகும். இதோடு தொல்லை முடிவதில்லை. மிகச் சிறிய சொற்களைத் தேடல் அட்டவணையில் சேர்க்காமல் விடுவது பல தரவுத்தளங்களின் இயல்பான ஏற்பாடு. மைஎஸ்கியூஎல் என்னும் பரவலான தரவுத்தளத்தில், பழைய வகை அட்டவணைகளில் நான்கு எழுத்துக்கும், புதிய வகையில் மூன்று எழுத்துக்கும் குறைந்தவை, யாரும் மாற்றி அமைக்காத வரை, ஒதுக்கப்படும். வெட்டும் நிரலும் ஒதுக்கும் ஏற்பாடும் ஒரே தளத்தில் சேர்ந்துவிட்டால் 'ப', 'ம', 'பன' மூன்றும் தள்ளுபடியாகும். 1914-லிருந்து ரயில் கடலைக் கடந்த ஊர், 2025-ல் செங்குத்தாக மேலே எழும் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட ஊர், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை என்றாகிவிடும்.

தொண்டி என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். 'தொ' என்ற எழுத்தை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'த' என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் எழுத்து வரிசையை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. அப்படி ஒன்றாக்கும் வசதி அநேகமாக எல்லா நிரல்மொழிகளிலும் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

பழைய ஆவணங்களின் நிலைமை தனி. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை இன்னமும் தளங்களில் ஏராளமாகக் கிடக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதைத் தமிழில் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு 2010-லேயே ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின்னரும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுகிற அலுவலகங்களுக்கு நானே போய்க் கணினி பழுது பார்த்திருக்கிறேன். தாளில் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அதைப் படமாக வருடி ஏற்றுவது இன்னொரு வழக்கம். அந்தப் படத்தில் தேடுவதற்கு எழுத்தே கிடையாது. முத்திரைதான் முக்கியம் என்றால் அதையும் ஏற்றட்டும். பக்கத்திலேயே நான்கு வரி தமிழில் தட்டச்சு செய்து வைத்தால் போதுமே.

தமிழ் என்பதால் மட்டும் இந்த அவதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத் தளங்களிலும் எங்கள் பிழைப்பு அப்படித்தான். பாம்பனில் ஒரு மீன் கொள்முதல் கொட்டகையில் எடை பார்த்து ரசீது அடிக்கும் பிரிண்டர் நின்றுபோனது. உப்புக் காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பிரிண்டரோ ஒரு பிழை எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஐஸ் பெட்டிகளோடு வேன் காத்திருக்க, ரசீது இல்லாமல் சரக்கை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் நிற்க, நான் கைப்பேசியில் அந்த பிரிண்டரைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, பிழை எண்ணை அதன் நடுவிலுள்ள இணைப்புக் குறி (-) உட்பட அப்படியே தட்டினேன். மூவாயிரத்துச் சொச்சம் முடிவுகள் வந்தன. முதல் பக்கம் முழுவதும் புதிய மாடல்களின் விளம்பரம். நடுவிலிருந்த இணைப்புக் குறியைக் கண்டதும் எண்ணை இரண்டாக உடைத்து, இரண்டில் எது எங்கே இருந்தாலும் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது அந்தத் தேடல். குறியை எடுத்துவிட்டுத் தட்டினால் ஒன்றுமே இல்லை. கடைசியில் கூகுளுக்குப் போய், அந்த நிறுவனத்தின் தள முகவரியையும் பிழை எண்ணையும் சேர்த்துத் தேடினேன். அந்தத் தளத்திலேயே இருந்த சரியான பக்கம் முதல் முடிவாக வந்தது. மூடியைத் திறந்து, தாள் உணரியின் மேல் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்தேன்; பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தன் வீட்டுப் பொருள் எங்கே இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளித் தேடுபொறிக்கு இருக்கும் வசதி, ஒரு நிறுவனத்தின் உள் தேடலுக்கு இல்லை. ஒரு பக்கத்தை எத்தனை பேர் வேறு தளங்களிலிருந்து சுட்டுகிறார்கள், என்ன சொல்லால் சுட்டுகிறார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் கூகுள் தன் வரிசையை 1998-லிருந்து கட்டியது. உள்ளே அப்படிச் சுட்டுவதற்கு ஆள் குறைவு. ஆகவே உள் தேடலை யாராவது கவனித்து வளர்க்க வேண்டும். வைத்ததோடு விட்டால் அது பட்டுப்போகும். வெளியே போய்த் தேடிக்கொள்ளலாம் என்ற சமாதானமும் எல்லா இடத்திலும் செல்லாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டிய பக்கங்களைக் கூகுளால் பார்க்க முடியாது.

மற்றவர்களைச் சொல்லும் முன், எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழுது பார்த்ததும் என்ன செய்தோம் என்று பதிந்து வைக்க எங்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. மேற்சொன்ன பிழை எண்ணை அன்று மாலை அதில் பதியப் போனபோதுதான், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தங்கச்சிமடத்தில் அதே பிழையை நானே சரிசெய்தது நினைவுக்கு வந்தது. அந்தக் குறிப்பு கிடைத்திருந்தால் வேன் காத்திருந்திருக்காது. தேடிப் பார்த்தேன். 'பிரிண்டர் பிரச்சினை, முடிந்தது' என்று தலைப்பிட்ட குறிப்புகள் நாற்பத்தேழு இருந்தன. அவற்றில் பாதி என் கைவண்ணம்.

ஆகவே இது மென்பொருள் விற்பவர்களின் குற்றம் மட்டும் அன்று. கருவிகள் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அடிச்சொல் காணும் விதிகளைப் பல மொழிகளுக்குத் தொகுத்து இலவசமாகத் தரும் ஸ்னோபால் என்னும் கட்டற்ற மென்பொருளில் தமிழும் இருக்கிறது. அது எல்லாச் சொற்களையும் பிழையின்றிப் பிரித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் இல்லாமல் கைவிரிப்பதைவிட அது மேல். குறைபாடு கேட்கிறவர்களிடத்தில் இருக்கிறது. தளம் அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது 'தேடல் வசதி' என்று ஒரு வரி எழுதுகிறார்கள். தளத்தை ஒப்படைக்கும் நாளில் ஒருவர் ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டுகிறார். நான்கு முடிவுகள் வருகின்றன. அந்த வரிக்கு நேராகச் சரி என்று குறி விழுகிறது. தமிழில் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுத்த ஓர் அலுவலகத்தையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அரசுத் தளங்களைப் பொறுத்தவரை இது விருப்பத்தைப் பொறுத்த காரியமும் அன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாம் மனுப் போடுவதற்கான சட்டம் என்று மட்டுமே நினைக்கிறோம். அதன் நான்காவது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்திப் பேண வேண்டும் என்கிறது. தகவலை மக்கள் எளிதில் அணுகும் வடிவில், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ஆம் ஆண்டுக்கு உரியது. தளத்தில் ஏற்றிவிட்டோம் என்பதோடு கடமை முடிந்ததாகக் கொள்வது, ஓர் ஆவண அறையின் சாவியைத் தொலைத்துவிட்டு ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்வதற்குச் சமம்.

செய்ய முடியும் என்பதற்கு ஒரு சிறு சான்று. நான் பராமரிக்கும் பள்ளி ஒன்றின் தளத்தில், தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களை மட்டும் ஒரு மாதம் தனியாகச் சேமித்து வைத்தேன். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. 'டிசி' என்றும், 'டி.சி.' என்றும், 'மாற்றுச் சான்று' என்றும் பெற்றோர் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். தளத்தில் அது 'பள்ளி மாற்றுச் சான்றிதழ் கோரும் விண்ணப்பம்' என்று இருந்தது. 'பஸ் ரூட்' என்று தேடியிருக்கிறார்கள். தளத்தில் 'போக்குவரத்து வசதி' இருந்தது. 'ஃபீஸ்' என்று தேடியவர்களுக்குக் 'கல்விக் கட்டணம்' காட்டப்படவில்லை. மக்கள் சொல்லும் சொல்லையும் தளத்திலுள்ள சொல்லையும் இணைத்து ஒரு அட்டவணை போட எனக்கு ஒரு மதியம் பிடித்தது. காசு எதுவும் செலவாகவில்லை. அடுத்த மாதம் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அக்கா, இப்போது போன் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது என்றார். அவர் சொன்னதைத் தவிர வேறு புள்ளிவிவரம் என்னிடம் இல்லை.

இதே வேலையை மாவட்டத்தில் தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகமும், வங்கியும், கூட்டுறவுச் சங்கமும் மாதத்துக்கு ஒரு மதியம் செய்யலாம். புதிய தளத்துக்குப் பணம் கொடுக்கும் முன், கடற்கரையில் வலை கட்டுகிற ஒருவரையும், பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்மணியையும், பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையையும் வரவழைத்து, அவர்கள் வாயில் வரும் பத்துச் சொற்களைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். அவர்களுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கிற செலவுதான்.

கடைசியாக, தாங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று. புயல் காலத்தில் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு பற்றிய பழைய செய்தி ஒன்றைத் தேடி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் தளத்துக்கே வந்தேன். 'பாம்பன் கூண்டு' என்று எழுதினேன். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. இரண்டு சொற்களும் அடுத்தடுத்து இருந்தால்தான் தங்கள் தேடல் ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறது. செய்தியில் பாம்பனுக்கும் கூண்டுக்கும் இடையே துறைமுகமும், மூன்றாம் எண்ணும், புயலும், எச்சரிக்கையும் நின்றுகொண்டிருந்தன. இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், பின்னால் யாராவது தேடும்போது கிடைப்பதற்காக என் ஊர் விவரத்தைக் கீழே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து சுருக்க வேண்டாம்.

தங்கள் வாசகன்,
கணினிப் பராமரிப்புப் பணியாளர்,
உச்சிப்புளி, உச்சிப்புளியில், உச்சிப்புளியிலிருந்து,
ராமநாதபுரம், இராமநாதபுரம், ராமநாதபுரத்தில், ராம்நாடு மாவட்டம்.